எஃப்சிக்கு முன் குட்டி யானைக்கு ஒரு குளியல்: பழைய டாடா ஏஸை வீட்டு வாசலிலேயே சரிசெய்யும் முறை

பழைய டாடா ஏஸ் வண்டிகளில் பாதிக்கு எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) தேதி நெருங்கினால்தான் குளியலும் பெயிண்டும். கடைசி வாரத்தில் பட்டறையில் விட்டு, துருவின் மேலேயே பட்டி வைத்து இழைத்து, பெயிண்ட் காய்ந்தும் காயாமலும் ஆர்டிஓ ஆபீஸுக்கு ஓட்டிப் போவார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அந்தப் பெயிண்ட் அப்பளம் போலப் பொரிந்து நிற்கும். வண்டிக்கு 8 வயது தாண்டிவிட்டால் எஃப்சி ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். அதாவது இந்தச் செலவும் ஆண்டுதோறும் வரும்.

தேதிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கினால், மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பகுதி வேலையை நீங்களே முடிக்கலாம். கீழே சொல்லியிருப்பது 2005 முதல் ஓடும் பழைய டீசல் ஏஸுக்கு: இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன், 750 கிலோ பாரம். தமிழ்நாட்டில் குட்டி யானை, இலங்கையில் டிமோ பட்டா. போலெரோ பிக்கப், தோஸ்த் வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். ஏஸில் சீட்டுக்குக் கீழே இன்ஜின் இருக்கிறது. அதனால் வரும் தொல்லைகளுக்குத் தனியாக இடம் கொடுத்திருக்கிறோம்.

புதிதாக வண்டி வாங்கியவர்கள் முதலில் எல்இடி, ஸ்டிக்கர், ஸ்பீக்கர் என்றுதான் போவார்கள். அந்தப் பணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அழுக்கை எடுத்த பிறகுதான் வண்டி எதைக் கேட்கிறது என்று தெரியும்.

கையில் இருக்க வேண்டியவை

8 முதல் 19 வரை ஸ்பேனர் செட், வீல் ஸ்பேனர், ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்டு, கிரீஸ் கன், வயர் பிரஷ், பழைய பெயிண்ட் பிரஷ் இரண்டு, 80 மற்றும் 220 நம்பர் உப்புத்தாள், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், வெள்ளைச் சாக்பீஸ். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையக் கூடாது. ஸ்டாண்டு இல்லையென்றால் ரயில்வே ஸ்லீப்பர் மாதிரிக் கனமான மரக்கட்டை வையுங்கள். ஹாலோ பிளாக் கல்லை வைக்காதீர்கள். அது விரிசல் விட்டு எச்சரிக்காது, ஒரே நொடியில் பொடியாகும்.

தண்ணீர் ஊற்றும் முன் ஒரு சுற்று

இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வண்டியின் அடிப்பகுதியில் படிந்திருக்கும் தூசி ஒரு சாட்சி. ஆயில் கசியும் இடத்தில் தூசி கறுத்து, ஈரமாக, தடிப்பாக ஒட்டியிருக்கும். கழுவிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். அதனால் அழுக்கோடேயே குனிந்து பாருங்கள். ஈரமான இடத்தில் எல்லாம் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழுவிய பிறகு 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே இடங்களைத் திரும்பப் பார்த்தால் எது பழைய கறை, எது இன்னும் கசிகிறது என்று பிரிந்துவிடும்.

நான்கு சக்கரங்களின் உட்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பின்சக்கரத்தில் ஈரம் இருந்தால் இரண்டு காரணங்களில் ஒன்று. தடிப்பாக, கந்தக நாற்றத்தோடு வந்தால் ஆக்சில் ஆயில், சீல் போயிருக்கிறது. தண்ணீர் போல மெல்லியதாக, வழவழப்பாக, பட்ட இடத்தில் பெயிண்டை உரித்திருந்தால் பிரேக் ஆயில். வீல் சிலிண்டர் கசிகிறது. இரண்டில் எது வந்தாலும் பிரேக் லைனர் நனைந்திருக்கும். நனைந்த லைனரைத் துடைத்து மாட்டுவது வீண்வேலை, மாற்றியே ஆக வேண்டும். பிரேக் உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் இந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

டயரில் 4 இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) நன்றாக இருந்தாலும் பக்கச் சுவரில் நுண்விரிசல் வலை மாதிரி ஓடினால் அந்த டயரை நம்பிப் பாரம் ஏற்றக் கூடாது.

அடிப்பகுதி: வேகத்தைவிடப் பொறுமை

காய்ந்த சேற்றின் மேல் நேராகத் தண்ணீர் பீய்ச்சினால் மேல்தோல் மட்டும் போகும். முதலில் சாதாரணக் குழாயில் நன்றாக நனைத்து 15 நிமிடம் ஊற விடுங்கள். பிறகு பின்னிருந்து முன்னாகக் கழுவுங்கள். சேறு தங்கும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான்: சேஸின் (வண்டியின் அடிச்சட்டம்) குறுக்குச் சட்டங்களின் மேல்பக்கம், வீல் ஆர்ச்சின் மடிப்பு, ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கு, பேட்டரி தட்டின் அடி. மடிப்புக்குள் விரலை விட்டுத் தோண்டுங்கள். அங்கே இருக்கும் சேறு வெயில் காலத்தில்கூட ஈரமாக இருக்கும். துரு தொடங்குவது அங்கேதான்.

பிரஷர் வாஷர் வைத்திருந்தால் முனையை ஒரு அடிக்கு மேல் தள்ளியே பிடியுங்கள். ரேடியேட்டர் இதழ்கள், வீல் பேரிங், புரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸ், ஆல்டர்னேட்டர், ஃப்யூஸ் பெட்டி இவற்றில் நேராக அடிக்கக் கூடாது. அழுத்தத் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போனால் கிரீஸ் பால் போல வெளுத்துவிடும். பேரிங் அன்றைக்கே கத்தாது, இரண்டு மாதம் கழித்துக் கத்தும். அப்போது யாரும் கழுவியதை நினைப்பதில்லை.

வாட்டர் வாஷ் கடைகளில் கடைசியாக அடிப்பகுதிக்கு டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ ஸ்பிரே அடிப்பார்கள். பளபளவென்று இருக்கும், இரண்டு நாள் மகிழ்ச்சி. டீசல் பட்ட ரப்பர் புஷ்கள் ஊதிப்போய் மெத்தென்று ஆகிவிடும். மண்ணெண்ணெயும் அப்படியே. ஆயில் மேல் ஒட்டும் தூசி, சேற்றைவிடக் கெட்டியான ஒரு களிம்பாகிக் கீழே ஈரத்தைப் பூட்டிவைக்கும். "வேண்டாம் அண்ணே, தண்ணியோட நிறுத்துங்க" என்று சொல்லிவிடுவது நல்லது. கிரீஸ் பிசுக்குக்கு டிகிரீசர் வாங்கி, பிரஷால் தடவி, 5 நிமிடம் விட்டுக் கழுவினால் போதும்.

கழுவிய அன்றே கிரீஸ் அடிக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். கிங்பின், ஸ்பிரிங் ஷேக்கிள், புரொபெல்லர் ஷாஃப்ட் என்று உங்கள் வண்டியில் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) இருக்கும் இடம் எல்லாம் முதலில் துணியால் துடையுங்கள். துடைக்காமல் கன்னை வைத்தால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுவீர்கள். பழைய கிரீஸ் கறுப்பாக வெளியே வந்து, புது நிறம் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். கிங்பினில் கிரீஸ் ஏறவில்லை என்றால் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தரையை விட்டு எழும்பிய நிலையில் ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பிக்கொண்டே அடித்துப் பாருங்கள். பாரம் இறங்கினால் வழி திறக்கும். அப்படியும் ஏறாவிட்டால் நிப்பிள் அடைத்திருக்கும். கழற்றிப் புதியது போடுங்கள், விலை அற்பம்.

வண்டியை வெளியே எடுக்கும் முதல் அரை கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, பிரேக்கை லேசாக எட்டு பத்து முறை அழுத்துங்கள். டிரம்முக்குள் தண்ணீர் இருந்தால் முதல் பிரேக் பிடிக்காது.

தொட்டி: என்ன ஏற்றினீர்களோ அதற்கேற்ற குளியல்

காய்கறி, வாழைத்தார், தண்ணீர் கேன் ஏற்றும் வண்டிக்குச் சோப்புத் தண்ணீரும் துடைப்பமும் போதும். இரண்டு பாரங்கள்தான் வண்டியைத் தின்னும்.

ஒன்று சிமென்ட். சிதறிய சிமென்ட் மேல் தண்ணீர் ஊற்றினால் தொட்டிக்குள் நீங்களே ஒரு தளம் போட்டதாகிவிடும். முதலில் காய்ந்த நிலையில் கூட்டி எடுங்கள். மூலைகளைப் புளோயரால் ஊதுங்கள், மூக்கைக் கட்டிக்கொண்டு. அதன்பிறகுதான் தண்ணீர். ஏற்கெனவே இறுகிய காறையை மரச் சுத்தியலால் தட்டி, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுக்கலாம். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள் உண்டு. அது காறையைக் கரைக்கும். கூடவே தகட்டையும் தின்னும், கழுவிய பிறகும் இடுக்கில் நின்று தின்றுகொண்டே இருக்கும்.

இன்னொன்று மீன். நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் ஓடும் வண்டிகளின் தொட்டி மூன்றே வருடத்தில் சல்லடையாவதற்கு ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர்தான் காரணம். பாரம் இறக்கிய அன்றே நல்ல தண்ணீரில் அலச வேண்டும், மறுநாள் என்பது தாமதம். தொட்டியில் தண்ணீர் வடியும் துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்து வையுங்கள். செதிலும் வைக்கோலும் சேர்ந்து அடைத்திருக்கும். நாற்றம் போக ஒரு பக்கெட் தண்ணீரில் 200 கிராம் ஆப்பச் சோடா கரைத்து ஊற்றி, அரை மணி விட்டுக் கழுவினாலே குறையும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். அதில் உள்ள குளோரின் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். ஆசிட்டோடு சேர்ந்தால் விஷவாயு கிளம்பும், மூடிய ஷெட்டில் ஆளையே சாய்த்துவிடும்.

தரைத்தகடு மெலிந்துவிட்டால் என்ன போடுவது என்ற கேள்வி வரும். பட்டறையில் உடனே 3 மில்லிமீட்டர் செக்கர் பிளேட் என்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏஸின் தொட்டி சுமார் 2.2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், அதாவது 3.3 சதுர மீட்டர். 3 மில்லிமீட்டர் இரும்பு ஒரு சதுர மீட்டருக்கு 24 கிலோவுக்குக் குறையாது. ஆக, தரை மட்டும் 80 கிலோ. 750 கிலோ ஏற்றும் வண்டியில் ஒவ்வொரு நடையிலும் ஒன்றரை மூட்டை சிமென்டைச் சும்மா சுமக்கிறீர்கள். அதைவிட மோசம், பழைய துருத்தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் அடிப்பது. நடுவில் தண்ணீர் புகுந்தால் காயவே காயாது. இரண்டும் சேர்ந்து போகும்.

ஓட்டை விழாத தரை என்றால் துருவை எடுத்துப் பெயிண்ட் அடித்து, 6 மில்லிமீட்டர் ரப்பர் மேட் விரியுங்கள். 30 கிலோ வரும். ஒட்டக் கூடாது. வாரம் ஒருமுறை சுருட்டித் தூக்கி அடியைக் காயவிடும்படி இருக்க வேண்டும். ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்துண்டு வைப்பது சரியான முறை. வெல்டிங் அடிக்கும் முன் பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்ற மறக்காதீர்கள். இல்லையென்றால் ஆல்டர்னேட்டரின் டயோடு போகும்.

துரு: தட்டிப் பார், குத்திப் பார்

கழுவிக் காய்ந்த வண்டியில் சின்னச் சுத்தியலால் சேஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு "டங்" என்று மணி போலச் சொல்லும். துரு தின்ற இடம் "டொப்" என்று செத்த சத்தம் கொடுக்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியை அழுத்துங்கள். துருப்பொரை உதிர்ந்து கீழே வெள்ளை இரும்பு தெரிந்தால் நீங்களே செய்யலாம். நுனி உள்ளே இறங்கினால் அது வெல்டிங் ஆளின் வேலை. அந்த இடம் சேஸ் சட்டமாக இருந்தால் அனுபவமுள்ள பாடி பட்டறையைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். சேஸில் சொந்தமாகத் துளை போடுவதும் கூடாது, ஆங்கிள் மாட்டத்தான் என்றாலும். விரிசல் அந்தத் துளையிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.

கேபினில் பார்க்க வேண்டிய இடங்கள்: கதவின் அடிமடிப்பு, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், ஏறும் படி, ரப்பர் மேட்டுக்கு அடியில் உள்ள தரை. கதவின் அடியில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறும் வழி அதுதான். பெயிண்டர்கள் அதைப் பட்டி வைத்து மூடிவிட்டிருந்தால் கதவு ஒரு தண்ணீர்த் தொட்டி. ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

செய்முறை நேரானதுதான், ஆனால் நடுவில் நிறுத்த முடியாது. வயர் பிரஷால் பொரையை எடுங்கள். 80 நம்பர் தாளில் இரும்பு வெளுக்கும்வரை தேயுங்கள். துருவின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் அகலம் நல்ல பெயிண்டையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். குழிகளுக்குள் தங்கிய துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விடுங்கள், கறுத்துப் போகும். பிறகு பெயிண்ட் டின்னர் நனைத்த துணியால் துடைத்து ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கோட். கடற்கரை ஊர்களில் காலையில் தேய்த்த இரும்பு மாலைக்குள் மஞ்சள் பூத்துவிடும். தேய்த்த அன்றே பிரைமர் விழ வேண்டும். மறுநாள் 220 நம்பரில் லேசாக இழைத்து எனாமல் பெயிண்ட் இரண்டு மெல்லிய கோட். ஒரே தடிப்பான கோட் அடித்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும், வெயிலில் சுருங்கும். சைலன்சர், பிரேக் ஹோஸ், புஷ், நிப்பிள் இவற்றின் மேல் பெயிண்ட் படக் கூடாது. செய்தித்தாளும் டேப்பும் போட்டு மூடுங்கள்.

மழை வரும் போல இருந்தால் அன்று தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

பேட்டரி தட்டு தனிக்கதை. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், மைனஸை முதலில், பிளஸ்ஸை அடுத்து கழற்றுங்கள். பேட்டரியை நேராகத் தூக்கி வெளியே வையுங்கள். ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் ஆப்பச் சோடா கலந்து தட்டின் மேல் ஊற்றினால் நுரைக்கும். நுரை நிற்கும்வரை ஊற்றிக் கழுவி, காயவைத்து, பெயிண்ட் அடித்து, அடியில் ரப்பர் துண்டு வைத்து மாட்டுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில். முனைகளில் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லியதாக.

ரேடியேட்டரும் மூச்சும்

ஏஸ் சூடாகிறது என்று வரும் புகார்களில் நிறைய, வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியதால் வருபவை. இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். செம்மண் கரைசல் மாதிரி வந்தால் உள்ளே துரு சுற்றுகிறது. அடித் திருகைத் திறந்து முழுவதையும் ஒரு பக்கெட்டில் பிடித்து அளந்துகொள்ளுங்கள்; எவ்வளவு திரும்ப ஊற்ற வேண்டும் என்பதற்கு அதுவே கணக்கு. நல்ல தண்ணீர் நிரப்பி, மேல் ஹோஸ் சூடேறும்வரை இன்ஜினை ஓட விடுங்கள். மேல் ஹோஸ் சூடானால்தான் தெர்மோஸ்டாட் திறந்து தண்ணீர் எல்லா இடமும் சுற்றியது என்று பொருள். அணைத்து, முழுக்க ஆறவைத்து, வடியுங்கள். தெளிவாக வரும்வரை மூன்று நான்கு முறை. கடைசியில் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் அதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. வேறு வேறு நிறக் கூலன்ட்டுகளைக் கலக்காதீர்கள். சில ஜோடிகள் களியாகத் திரிந்துவிடும்.

இதழ்களுக்கு இடையில் சிக்கிய பூச்சியையும் பஞ்சையும் இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரில் வெளியே தள்ளுங்கள். வெளியேயிருந்து உள்ளே அடித்தால் இன்னும் ஆழமாகப் போய்ச் செருகிக்கொள்ளும்.

டர்போ இல்லாத இந்த 16 குதிரை இன்ஜினுக்குக் காற்றுதான் பலம். ஏர் ஃபில்டர் அடைத்தால் மேட்டில் இழுக்காது, பின்னால் கரும்புகை, புகைச் சோதனையிலும் தொல்லை. காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. உட்பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில் ஊதுங்கள். பிறகு உள்ளே ஒரு டார்ச்சை எரியவிட்டு இருட்டில் பாருங்கள். வெளிச்சம் எங்கும் மங்கலாகச் சீராகத் தெரிந்தால் நல்லது, எங்காவது ஊசிமுனை போலப் பளிச்சென்று தெரிந்தால் கிழிசல், உடனே மாற்றுங்கள். டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, அடியில் தங்கும் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துச் சுத்தமான டீசல் வரும்வரை விடுங்கள். ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஏர் லாக் ஆகியிருக்கிறது; கை பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

முதல் மேம்பாடு: வெளிச்சம்

பழைய ஏஸின் ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி எரிவதற்குப் பல்பு காரணமாக இருப்பது குறைவு. மல்டிமீட்டரை எடுங்கள். இன்ஜின் ஓட, லைட் எரிய, பேட்டரி முனையில் அளந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். இப்போது பல்பின் பின்னால் கனெக்டரில் அளங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ மின்சாரம் தேய்கிறது. 11 வோல்ட் காட்டும் வண்டிகளும் உண்டு. அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றைப் பல்பின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கோளாறு. எர்த் வயர் சேரும் போல்ட்டைக் கழற்றி, அடியில் உள்ள பெயிண்டையும் துருவையும் இரும்பு மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே ஜெல்லி தடவுங்கள். பிரேக் அழுத்தினால் இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கும் வண்டிகளுக்கும் இதே மருந்துதான், இடம் மட்டும் பின்பக்கம்.

எர்த் சரி, இன்னும் வோல்ட் குறைகிறது என்றால் ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போடுங்கள். ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று. ரிலேயின் முனைகளில் எண் இருக்கும்: பழைய ஹெட்லைட் வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து புது வயர் ஃப்யூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து பல்புக்கு. வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், ஃப்யூஸ் 15 ஆம்பியர். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு முன் உள்ள வயருக்குக் காவல் இல்லை. இப்போது சுவிட்ச் வழியாக ரிலேயை இழுக்கும் சிறு மின்சாரம் மட்டுமே போகும்.

60/55 வாட் எச்4 பல்பு இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். 100/90 போட்டால் 16 ஆம்பியரைத் தாண்டும். ரிலே இல்லாத வண்டியில் சுவிட்ச் உருகும் வாசனை முதலில் வரும், பிறகு லைட் போகும். அந்த வாட் சாலைக்கு அனுமதி உள்ளதும் இல்லை. ஹாலஜன் கிண்ணத்தில் எல்இடி பல்பு மாட்டுவதும் நாம் பரிந்துரைப்பதில்லை. ஒளி கிளம்பும் புள்ளி மாறுவதால் கற்றை சிதறி, எதிரே வருபவன் கண்ணில் விழும், உங்கள் சாலையில் விழாது. மஞ்சளித்த ஹெட்லைட் கிண்ணத்தை மாற்றி, 60/55 பல்பும் ரிலேயும் போட்டால் வித்தியாசத்தை முதல் இரவே பார்ப்பீர்கள்.

ஒளிரும் டேப்: முன்னே வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னே சிவப்பு. அங்கீகரிக்கப்பட்ட டேப்பை, சோப்பால் கழுவி டின்னரில் துடைத்த காய்ந்த இரும்பில் ஒட்டுங்கள்.

இரண்டாவது: சீட்டுக்கு அடியில் இருக்கும் அடுப்பு

சித்திரை வெயிலில் ஏஸ் ஓட்டியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். இன்ஜின் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் பழசாகிக் கல்லாகிப்போன பின், சூடும் புகையும் சத்தமும் நேராகக் கேபினுக்குள்தான். சோதனை எளிது. செய்தித்தாளில் ஒரு விரல் அகல நாடா கிழித்து, பீடிங் மேல் வைத்து மூடியை மூடுங்கள். நாடாவை இழுங்கள். இறுக்கமாக, கிழிவது போல வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி. சுற்றிலும் எட்டு இடத்தில் இதைச் செய்து சாக்பீஸால் குறியுங்கள்.

பழைய பீடிங்கை முழுக்க உரித்து, பசையை டின்னரில் துடைத்து, புதியதை ஒரே நீளமாக ஒட்டுங்கள். ஜாயின்ட் பின்பக்கம் வரட்டும். மூடியின் உட்பக்கத்தில் அலுமினிய முகம் கொண்ட 10 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் ஷீட். ஏசி குழாய்க்குச் சுற்றுவதை விற்கும் கடையில் கிடைக்கும். அலுமினியம் இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். பசையை மட்டும் நம்பாமல் ஓரங்களில் பட்டைக் கம்பி வைத்து ஸ்க்ரூ அடியுங்கள். கழன்று பெல்ட்டில் விழுந்தால் வினை. சைலன்சர் குழாய்க்கு அருகில் இதை ஒட்டக் கூடாது. சாதாரண ஸ்பாஞ்சு, தெர்மோகோல், சணல் சாக்கு எதுவும் வேண்டாம், டீசல் ஊறினால் தீப்பிடிக்கும். ஒட்டிய பிறகு மூடி முன்போலவே முழுக்க அமர்ந்து பூட்டுகிறதா பாருங்கள்.

சீட்டுக்கு 40 டென்சிட்டி ஃபோம் வெட்டிப் போட்டு ரெக்சின் தைத்துக்கொள்வது முதுகுக்கு நல்லது. ஆனால் 4 அங்குலத்துக்கு மேல் உயர்த்தினால் கால் பெடலுக்கு எட்டாது, தலை கூரையில் இடிக்கும்.

செய்யக் கூடாத மேம்பாடுகள்

பின்னால் ஒரு பட்டை கூடுதலாகச் சொருகி "இப்போ ஒரு டன் தாங்கும்" என்பார்கள். ஸ்பிரிங் தாங்கும். பிரேக்கும் ஆக்சிலும் சேஸும் பழைய 750 கிலோவுக்குச் செய்தவைதான். கூடுதல் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. தொட்டியை உயர்த்துவது, நீட்டுவது எல்லாம் ஆர்சியில் (பதிவுச் சான்று) எழுதியதை மாற்றும் வேலை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ உண்டு. கூண்டு, மூடிய பாடி உண்மையிலேயே தேவை என்றால் முதலில் ஆர்டிஓவில் எழுதிக் கேளுங்கள், பிறகு வெல்டரிடம் போங்கள். ஏர் ஹாரன் வாங்கும் காசுக்கு இரண்டு வைப்பர் பிளேடும் ஒரு பிரேக் லைட் பல்பும் வாங்கலாம்.

கடைசி ஞாயிறு

சக்கரம் கழற்றியிருந்தால் 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை எதிரெதிராக மறுபடி இறுக்குங்கள். சாக்பீஸ் வட்டம் போட்ட இடங்களைப் படத்தோடு ஒப்பிடுங்கள். இரவில் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி ஹெட்லைட் இரண்டும் ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். ஹாரன், வைப்பர், நான்கு இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் லைட், ஹேண்ட் பிரேக் என்று ஒவ்வொன்றாக, வெளியே ஒருவரை நிற்கவைத்துப் பார்த்துவிடுங்கள். எஃப்சியில் வண்டி திரும்பி வருவதற்குப் பல நேரம் காரணம் இந்த நம்பர் பிளேட் லைட் மாதிரிச் சின்ன விஷயங்கள்தான். கூலன்ட் மாற்றிய தேதி, கிரீஸ் அடித்த கிலோமீட்டர், ஏர் ஃபில்டர் போட்ட கிலோமீட்டர் மூன்றையும் டேஷ்போர்டு மூடியின் உட்பக்கம் மார்க்கரில் எழுதி வையுங்கள். முதல் மழை பெய்த மறுநாள் கேபின் மேட்டைத் தூக்கிப் பாருங்கள், எந்த மூலை நனைந்திருக்கிறது என்று.